மாமனார் வண்டியின் வேகமுள்

ஜூன் 3, செவ்வாய்

மாலை பாலத்து ஏற்றத்தில் போகும்போது மாமனார் வண்டியின் டேஷ்போர்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். யாரோ உள்ளே உட்கார்ந்து என் ஓட்டும் அழகைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற மாதிரி. ஸ்பீடோமீட்டர் முள் எண்பதுக்கு ஒரு துள்ளு துள்ளியது. அப்புறம் பூஜ்யத்தில் விழுந்து படுத்துவிட்டது.

"எவ்வளவுல போறோம்னே தெரியலயே" என்றேன்.

"நாப்பத்திரண்டு" என்றாள் மனைவி, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். எஞ்சின் சத்தத்தில் எதையோ பிடித்துக்கொண்டு எண் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள், நானும் "ஆமா ஆமா" என்கிறேன். முள்ளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. மனைவி சொல்வதைச் சரிபார்ப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல என்பது என் கட்சி.

ஆனால் விஷயம் சிரிப்பில்லை. மாமனார் பம்பு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவர். திருகாணி முதல் தேங்காய் வரை தட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டார். மருமகனை மட்டும் எப்படிக் கோட்டைவிட்டார் என்பது குடும்பத்தில் இன்னும் விசாரணையில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் எல்லாரையும் உட்காரவைத்து வண்டிக்கு ஒரு ஏற்பாடு சொன்னார். ஆறு மாதம் மகனிடம், ஆறு மாதம் மருமகனிடம். ஜனவரி ஒன்றாம் தேதியும் ஜூலை ஒன்றாம் தேதியும் கைமாற வேண்டும். கைமாறும் அன்று வண்டியில் ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால், வைத்திருந்தவர் உரிமை அத்தோடு சரி. வண்டி முழுசாக மற்றவருக்கு.

மகள், அதாவது என் மனைவி, அப்போது அங்கேதான் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தாள். அவளுக்கு ஆறு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை.

இப்போது வண்டி என் கையில். ஜூலை ஒன்று மச்சினன் முறை. அவனுக்குக் கட்டில், சோபா விற்கிற பெரிய ஷோரூம். வண்டி முழுசாகக் கையில் வந்தால் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடை முகப்பில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்துவானாம். பின் சீட்டில் தொப்பி வைத்த பொம்மை ஒன்றை உட்காரவைப்பானாம். போன வருடமே ஆசையை வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

"சரி பண்ணிடணும், என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, என் வண்டியா?" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

இந்த வண்டியைத் தொடத் தெரிந்த மெக்கானிக் ஊரில் ஒருவர்தான். அவர் சாயங்காலம் மச்சினனோடு சீட்டாடுகிறவர். அவர் காதில் போட்டால் மச்சினன் காதில் போட்ட மாதிரி. ஒரு ஆட்டம் முடிகிற நேரம்தான் தாமதம்.

ஆகவே நானே செய்யப்போகிறேன். என்ன பெரிய வேலை? ஒரு கேபிள். ஒரு முனை கியர்பாக்ஸில், மறுமுனை மீட்டரின் முதுகில். வெளியே கறுப்பு உறை, உள்ளே முறுக்குக் கம்பி. வண்டி ஓடினால் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் முள் ஏறும். கம்பி அறுந்திருக்கிறது. கழற்றி வேறு மாட்டினால் தீர்ந்தது.

மேலே உள்ள பத்தியை மாதக் கடைசியில் நான் மறுபடி படிக்காமலிருப்பது எனக்கு நல்லது என்று ஏதோ உள்ளே சொல்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கழற்றினேன். அதாவது பாதி.

மீட்டரின் முதுகைத் தொட வேண்டுமென்றால், ஓட்டுநர் சீட்டில் தலைகீழாகப் படுக்க வேண்டும். கால் இரண்டும் சீட்டின் முதுகுக்கு மேலே, தலை பிரேக் பெடலுக்கு அடியில். அங்கிருந்து பார்த்தால் நட்டு தெரிகிறது, விரல் எட்டவில்லை. விரல் எட்டுகிற மாதிரி சாய்ந்தால் நட்டு தெரியவில்லை. இந்த வண்டியை வரைந்தவர் குழந்தை குட்டியோடு நன்றாக வாழ்ந்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது. இல்லாவிட்டால் மனுஷனுக்கு எதற்கு இவ்வளவு வன்மம்?

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பல் டாக்டர் மதில் மேல் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது என் பாதங்கள் மட்டும்.

"என்ன சார், உள்ள விழுந்துட்டீங்களா?"

"இல்ல சார், தேடிட்டிருக்கேன்."

"என்னத்த?"

"மானத்த."

"எதுக்கும் ஒரு டார்ச் வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் நட்டு கழன்றது. கழன்றதும் நேராக என் வாய்க்குள் விழுந்தது. அதை எடுத்து, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அடியில் ஊர்ந்து போய், கியர்பாக்ஸ் பக்கத்து முனையையும் கழற்றினேன். ஒரு சொட்டு எண்ணெய் என் காதைத் தேடிப் பிடித்து இறங்கியது. மேலிருந்து ஒரு துண்டுக் கம்பி, கீழிருந்து ஒரு துண்டுக் கம்பி. சாப்பாட்டு மேசை மேல் இரண்டையும் சேர்த்து வைத்து அளந்தேன்.

"சாப்பாட்டு மேசைல" என்றாள் மனைவி. அதற்கு மேல் சொல்லவில்லை. தேவையுமில்லை.

ஜூன் 9, திங்கள்

கழுத்து இடதுபக்கம் திரும்ப மறுக்கிறது. அலுவலகத்தில் இன்று வலதுபக்கம் வந்தவர்களுக்கு மட்டும் வணக்கம் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

பழைய வண்டி உதிரிபாகம் விற்கிற கடைக்காரர் இருமலும் நக்கலும் கலந்தவர்.

"எந்த வருஷத்து வண்டி சார்?"

"என் வீட்டம்மா பிறந்த வருஷம்."

"அது எந்த வருஷம்?"

"அத வெளிய சொன்னா நான் உங்க கடையிலதான் படுத்துக்கணும்."

நான் கொண்டுபோன அளவுக்கு உறையும் கம்பியுமாகப் புதுக் கேபிள் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கீழே மாட்டிவிட்டு மேலே இழுத்தால், மீட்டருக்கு ஒரு முழம் இருக்கும்போதே நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். இதுவரை எழுத்தில் பயன்படுத்தாத சில சொற்களையும் பயன்படுத்திப் பார்த்தேன்.

பழைய உறையை எடுத்துத் தரையில் தட்டினேன். உள்ளேயிருந்து மூன்றாவதாக ஒரு துண்டு சாவகாசமாக வெளியே வந்தது. கம்பி இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. நடுத்துண்டு உறைக்குள்ளேயே தூங்கியிருக்கிறது. நான் தலையையும் வாலையும் சேர்த்து அளந்து, இடுப்பில்லாத பாம்புக்குச் சட்டை தைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மச்சினன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். வண்டி முற்றத்தில் உறை போர்த்திக் கிடந்தது. நான் அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன், கோழியைப் பிடிக்கிறவன் மாதிரி.

"என்ன மாமா, வண்டிக்குக் காய்ச்சலா? போத்திப் படுக்க வச்சிருக்கீங்க."

"பாலிஷ் போட்டிருக்கு மாப்ள. தூசி படக்கூடாது."

"மூக்குல கிரீஸ் இருக்கு."

"கறுப்பு பாலிஷ்."

வண்டி வெள்ளை நிறம். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கண்ணாடிக் கூண்டுக்கு ஆள் வந்து அளவெடுத்துவிட்டுப் போனான் என்று போகிற போக்கில் அக்காவிடம் சொன்னான். அவள் காப்பியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

தெரிந்துவிட்டதா? தெரிந்திருக்காது. தெரிந்தே இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

சரியான நீளத்தில் கேபிள் வாங்கிவிட்டேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது, நான் கிளம்பிவிட்டேன். இந்த முறை எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று, கம்பியை வெளியே இழுத்துத் தலை முதல் கால் வரை கிரீஸைப் பூசினேன். கம்பியே கூச்சப்பட்டிருக்கும்.

மாட்டியாயிற்று. ஓட்டினேன். முள் உயிர்பெற்றது. ஆனால் மழையில் வைப்பர் ஆடுகிற மாதிரி இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்த வேகத்தில் எதை நம்புவது?

"சராசரி எடுத்துக்கலாமே" என்றேன்.

"முப்பத்தஞ்சு" என்றாள் மனைவி.

நான் முள்ளைப் பற்றிச் சொன்னேன். அவள் வண்டியைப் பற்றிச் சொன்னாள்.

ஜூன் 17, செவ்வாய்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் என் வேலையே, "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் எழுதுவதுதான். இன்று இரவுச் சாப்பாட்டின்போது வண்டி என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே, "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். என் தொழிலை என் வீட்டிலேயே என் மேலேயே...

ஜூன் 22, ஞாயிறு

முள் ஏன் ஆடுகிறது என்றால், கேபிள் எங்கேயோ சுருக்காக மடிந்திருக்கிறது. எங்கே என்று வண்டி ஓடும்போதுதான் தெரியும். நான் முன் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் மல்லாந்து கிடந்து பார்க்க வேண்டும். அப்படியென்றால் ஓட்டுவது யார்?

அவள் தினமும் எங்கள் சின்னக் காரில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். ஆனால் இந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. லைசென்ஸ் வாங்கிய புதிதில் கேட்டாளாம். "கிளட்ச் கனம்மா, உனக்கு வேணாம்" என்று அப்பா சொல்லிவிட்டாராம். நானும் இத்தனை வருடம் அதையே ஒரு இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் நகர்த்தினாள். அந்தச் சீட்டு நகரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கிளப்பினாள். ஒரு உதறல் இல்லை. நான் முதல் கியரில் எடுத்தால் கோழிகள் சிதறும். இவள் எடுத்ததில் என் தலைக்கு வைத்த துண்டுகூட நகரவில்லை. ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால் கேபிள் ஒரு இடத்தில் துடிப்பது தெரிந்தது. அதை அகலமாக வளைத்துவிட்டு ஒரு கம்பியால் கட்டினேன். துடிப்பு நின்றது.

"முள் எங்க நிக்குது?" என்று கீழிருந்து கத்தினேன்.

"நாப்பதுல. அசையல."

"பாத்துச் சொல்றியா, கேட்டுச் சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

திரும்பி வரும்போது தானாகவே சொன்னாள். "சின்ன வயசுல அப்பா கைக்குட்டையப் போட்டு மீட்டர மூடிடுவார். இப்ப எவ்வளவுன்னு கேப்பார். தம்பி எப்பவும் நூறும்பான்."

"நீ?"

"நான் சரியாச் சொல்வேன். ஒவ்வொரு கியர்லயும் சுருதி ஏறுறது காதுல நிக்குமில்ல."

"உங்கப்பா என்ன சொல்வார்?"

"பலே பலேம்பார். அப்புறம் தம்பிய மடியில தூக்கி வச்சு ஹாரன் அடிக்க விடுவார்."

நான் கீழே மல்லாந்து கிடந்ததால் அவள் முகம் தெரியவில்லை. பெடல் மேல் இருந்த கால் மட்டும் தெரிந்தது. கிளட்சை மிதித்து, விட்டு, அடுத்த கியருக்குப் போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

முள் வேலை செய்கிறது. நான் ஒரு மேதை. பல் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தேடினது கிடைச்சுதா?" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கிறது. எஞ்சின் அணைந்திருக்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. முள் அறுபதில் நிற்கிறது.

டேஷ்போர்டைத் தட்டினேன். அறுபது. கதவை அறைந்தேன். அறுபது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"கம்பிக்குக் கிரீஸ் போட்டீங்களா?"

"தாராளமா."

"மேல் முனை வரைக்குமா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"போட்டுட்டீங்க" என்றார். "அன்னைக்கே சொல்ல வந்தேன் சார், இருமல் வந்துடுச்சு. கம்பி சுத்தச் சுத்த கிரீஸ் மேல ஏறும். இப்ப மீட்டருக்குள்ள போயிருக்கும். மேல ஒரு சாண் காய்ஞ்சே இருக்கணும்."

இதுக்குத்தானா இத்தனை நாள் தலைகீழா கிடந்தேன்? கழுத்து போச்சு, காது போச்சு, ஞாயித்துக்கிழமை எல்லாம் போச்சு. ரெண்டு நாள்தான் இருக்கு. யாராவது என்னை வேகமாக ஓட்டுகிறேன் என்று பிடித்தால் என்ன சொல்வேன், வண்டி நிக்குது சார், முள்தான் ஓடுதுன்னா?

ஜூன் 30, திங்கள்

லீவு போட்டேன். மீட்டரைக் கழற்றி எடுத்தேன். பெட்ரோல் தோய்த்த பஞ்சால் துடைத்தேன், பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. முள் அறுபதிலிருந்து மெதுவாக இறங்கி பூஜ்யத்துக்கு வந்தது. நிம்மதியாக இருந்தது. திரும்ப மாட்டி ஓட்டினேன். பூஜ்யத்திலேயே இருக்கிறது. இப்போது எதற்கும் அசையவில்லை. உள்ளே எதையோ தொடக்கூடாததைத் தொட்டிருக்கிறேன்.

மீட்டர் பழுது பார்ப்பவர் அடுத்த ஊரில். இரண்டு வாரமாவது ஆகுமாம்.

மனைவியிடம் சொன்னேன். "நாளைக்கு வண்டி போயிடும். என்னை மன்னிச்சிடு."

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? என் வண்டியா?" என்றாள். ஆனால் இன்று அதைச் சொன்ன விதம் வேறு. மற்ற நாட்களில் அது பதில். இன்று கேள்வி மாதிரி இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் மச்சினன் வந்தான், புதுச் சட்டையில். ஹாரன் அடித்தான், வைப்பர் போட்டான், விளக்கு நான்கையும் பார்த்தான், நான்கு கதவையும் திறந்து மூடினான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. பிறகு மீட்டர் கண்ணாடியில் விரலால் தட்டினான்.

"ஓட்டிக் காட்டுங்க மாமா. பாலிஷ்தான் காஞ்சிருக்குமே."

எத்தனை பொய் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "முள் செத்துப்போச்சு மாப்ள" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்தான். "அப்பா சொன்னது சொன்னதுதான் மாமா. நான் என்ன பண்ண முடியும்?"

"டேய், ஏறு" என்று சத்தம் கேட்டது. மனைவி. கையில் சாவி. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாள் என்பதே எனக்குத் தெரியாது.

"என்னக்கா?"

"உன் போன்ல வேகம் காட்டுமில்ல? எடுத்து வச்சுக்க. எனக்குக் காட்டாத. இந்த வண்டியில மீட்டர் வேலை செய்யுதான்னு பாத்துடலாம்."

"மீட்டர்தான் செத்துப்போச்சே."

"நான் இருக்கேன்ல? நான் சொல்ற எண்ணு ஒண்ணு தப்பானாலும் வண்டிய இப்பவே எடுத்துட்டுப் போ, கண்ணாடிக்குள்ள நிறுத்து, பொம்மைய வை. எல்லாம் சரியா இருந்தா வண்டி மூணு பங்கு. ஆளுக்கு நாலு மாசம். கூண்டுப் பேச்சே கிடையாது."

இப்போது சிரித்தான். ஜெயித்துவிட்டவன் சிரிப்பு. முன்னால் ஏறிக்கொண்டான். நான் பின் சீட்டில், பொம்மை உட்காரப்போகிற இடத்தில் உட்கார்ந்தேன். சீட்டு முன்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

கடைத்தெருவைத் தாண்டியதும் சொன்னாள். "முப்பது."

மச்சினன் போனைப் பார்த்தான். "ம்."

பூங்கா மதிலை ஒட்டி, "நாப்பத்தாறு."

"ம். குருட்டாம்போக்குல வருது."

பாலத்து ஏற்றம். அன்று கம்பி அறுந்த அதே இடம். மூன்றாவதிலிருந்து நான்காவது கியருக்கு மாற்றினாள். "அறுபத்தொண்ணு."

மச்சினன் போனை நிமிர்த்திப் பிடித்தான். "அம்பத்தெட்டுக்கா. போச்சு."

கண்ணாடிக் கூண்டு தெரிந்தது. தொப்பி வைத்த பொம்மை தெரிந்தது, அதற்கு என் முகம். அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"போன் கொஞ்சம் பிந்திதான் காட்டும்டா. விட்டுப் பாரு."

நான் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதானது. அறுபதானது. பாலத்து உச்சிக்கு வருவதற்குள் அறுபத்தொன்றில் நின்றது. அங்கேயே நின்றது.

மச்சினன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"எனக்கு இது ஒரு நாளும் வந்ததில்லக்கா" என்றான். "நூறுன்னு சொன்னா அப்பா சிரிப்பார். அதுக்காகவே சொல்வேன்."

"தெரியும்" என்றாள்.

"ஆனா அப்பா மூணு பங்குன்னு சொல்லலயே."

"அவர் சொல்லல. நான் சொல்றேன். இந்த நாலு மாசம் எனக்கு. நவம்பர்ல உனக்கு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஏதாவது சொல்வேன் என்று. நான் பின் சீட்டுப் பொம்மை. பொம்மை என்ன சொல்லும்?

இறங்கும்போது, "நவம்பருக்குள்ள அந்த மீட்டரச் சரி பண்ணிடுங்க மாமா. எனக்கு முள்ளு வேணும், எனக்குக் காது கிடையாது" என்றான். வீட்டுக்குள் வந்து அக்காவிடம் காப்பி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனான்.

ஜூலை 2, புதன்

அலுவலகம் போக வண்டிச் சாவியைத் தேடினேன். ஆணியில் இல்லை. வண்டியும் இல்லை. சின்னக் கார் நிற்கிறது. அதன் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

ஜூலை 20, ஞாயிறு

மீட்டர் அடுத்த ஊரிலிருந்து பழுது நீங்கி வந்தது. இந்த முறை கம்பிக்கு மேலே ஒரு சாண் காய்ந்தே விட்டேன். மறுபடி தலைகீழ், மறுபடி கழுத்து, மறுபடி பல் டாக்டர். மூன்று மணிக்கு மாட்டி முடித்தேன். நான்கு மணிக்கு அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். முள் பூஜ்யத்திலிருந்து எழுந்து, பத்து, இருபது, முப்பது என்று நடுங்காமல், நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தேன்.

அவள் அதைப் பிடுங்கி மீட்டர் மேல் போட்டு மூடினாள்.

"இப்ப எவ்வளவு?"

"ஏம்மா, இப்பதானே..."

"எவ்வளவு?"

"அறுபது."

"முப்பத்தெட்டு."

கைக்குட்டையைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினேன். கையில் ஒரு அடி விழுந்தது. சந்தைத் திருப்பத்தில் மறுபடி கேட்டாள், தபால் ஆபீஸ் தாண்டி மறுபடி கேட்டாள். சரியாகச் சொன்னால் ஹாரன் அடிக்க விடுவாளாம்.

வீடு வந்து சேரும்வரை ஹாரன் சத்தமே கேட்கவில்லை.